இடப்பக்கம் இழுக்கிறது

கரண்ட் போன பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

குசினியில் நின்ற சுபாஜினிக்கு முதலில் அது உறைக்கவில்லை. தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த காற்றாடி தளர்ந்து, ஒருமுறை கிறீச்சிட்டு நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அடங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வானொலி பாதிச் சொல்லில் அறுந்தது. பங்குனி வெயிலில் இணுவில் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் கிடந்தது. அந்த அமைதிக்கு அடியில், நடு அறையின் மூடிய கதவுக்குப் பின்னால், அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தடித்த சீலை ஒன்றை நிதானமாக, முடிவேயில்லாமல் கிழித்துக்கொண்டிருப்பதுபோன்ற இரைச்சல். கிழிபடும் இடம் மெல்ல மெல்லக் கிட்ட வந்தது.

அவளுடைய உடம்புக்கு அது தெரியும். முழங்கால்கள் தாமாகவே மடியப் பார்த்தன. அந்தப் பயத்தை விட, முழங்கால் மடியப் பார்த்ததுதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. அகப்பையைச் சட்டிக்குள் எறிந்துவிட்டுப் போய்க் கதவைத் தள்ளினாள்.

அறையில் யாரும் இல்லை. கணினித்திரை கறுப்பாக இருந்தது. மேசையின் இரு பக்கமும் பூட்டியிருந்த கைப்பிடிகள், கீழே மிதிகள், கதிரையின் முதுகில் தொங்கிய ஹெட்செற், எல்லாம் செத்துப்போய்க் கிடந்தன. சத்தம் அவள் உள்ளே வந்ததும் நின்றது. இல்லை, நிற்கவில்லை. தலைக்கு மேலால் கடந்து, கூரையைத் தாண்டி, கிழக்குப் பக்கமாகத் தேய்ந்து போனது. கதிரையில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

பின்வாசலில் சிவரூபன் நின்றான். கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, துவாய்த் துண்டைத் தோளில் போட்டபடி.

"ஆர் இதைப் போட்டுவிட்டது?"

"எதை?"

"உங்கடை பிளேனை."

"நான் இண்டைக்கு அதைத் தொடவேயில்லை. கரண்டும் இல்லையே, சுபா."

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

அவன் குனிந்து, மேசைக்குக் கீழிருந்த பற்றரிப் பெட்டியைப் பார்த்தான். அதன் சின்ன விளக்கும் அணைந்திருந்தது. "சென்னைப் பிளேன் பலாலிக்கு வந்திருக்கும்" என்றான்.

பலாலிக்கு வரும் சென்னை விமானத்தை அவளுக்குத் தெரியும். விசிறி சுற்றும் சிறிய விமானம். வண்டு இரைவதுபோல் வரும், போகும். அதற்குப் பழகிவிட்டாள். இது அதுவல்ல. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவன் எந்த விமானம் என்று கேட்பான். அந்தக் கேள்வியை அவனிடமிருந்து இன்னொருமுறை கேட்கிற பொறுமை அவளிடம் இல்லை.

சிவரூபன் கெட்டவன் அல்ல. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். கலியாணத்துக்குப் பிறகுதான் யாழ்ப்பாணம் வந்தான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் கீறிக் கொடுப்பான். அவள் குடும்பநல உத்தியோகத்தர். காலையில் ஸ்கூட்டரில் கிராமம் கிராமமாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பி வருவாள். வரும்போது சோறு ஆக்கி வைத்திருப்பான். கோபித்துப் பேசத் தெரியாதவன். ஊரடங்குக் காலத்தில்தான் கணினியில் விமானம் ஓட்டுகிற இந்த விளையாட்டு அவனைப் பிடித்தது. முதலில் ஒரு கைப்பிடி வந்தது, பிறகு மிதிகள், பிறகு பெரிய திரை.

அவனுக்குச் சோவியத் காலத்துப் போர்விமானங்கள் மட்டுந்தான் வேண்டும். மற்றதுகளைக் கணினிதான் ஓட்டுது, இதுகளை மனிசன் ஓட்ட வேணும் என்பான். மிக் இருபத்தொன்று முக்கோணச் செட்டைக்காரன், திருப்பத்தில் இறுக்கிப் பிடித்தால் வேகமெல்லாம் ஓட்டை வாளித் தண்ணீர்போல் வழிந்து போகும் என்பான். இருபத்தொன்பது சொல்வழி கேட்கும், ஆனால் எண்ணெயைக் குடிக்கும். இருபத்தேழுதான் அவனுடைய செல்லம். அதன் செட்டைகள் பறவைச் சிறகுபோல் அசையும். இடக்கையால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் விரியும், இழுத்தால் பின்னுக்கு மடியும். "விரிச்சால் ஆறுதலாப் பறக்கும். மடிச்சால் ஈட்டி. மூக்கை அளவுக்கு மிஞ்சித் தூக்கினால் வெறிகாரன்மாதிரி ஆடும். ஆனா பக்குவமாக் கேட்டால் எல்லாம் செய்யும்" என்று, வளர்க்கிற மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

தன்னுடைய கதையை அவள் அவனுக்கு ஒருதடவைதான் சொன்னாள். இரண்டாயிரமாம் ஆண்டு, மீசாலையில். அவளுக்குப் பதினொரு வயது. பங்கருக்குள் அவள் இருந்தாள். அம்மாவும் அண்ணை கோபிசங்கரும் இருக்கவில்லை. அவ்வளவுதான். மேற்கொண்டு சொல்ல எதுவும் மிச்சமிருக்கவில்லை. அதன் பிறகு வளவு முழுக்கப் பச்சை இலை கிழிந்த மணம் வீசியது என்பதைக்கூட அவள் சொல்லவில்லை. "கிபிர் வந்து அடிச்சது" என்று முடித்தாள். குண்டு போட வந்த எந்த விமானத்தையும் ஊரில் எல்லாரும் கிபிர் என்றுதான் சொன்னார்கள்.

சிவரூபன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டான்: "செட்டை எப்பிடி இருந்தது? பின்னுக்கு மடிஞ்சிருந்ததோ?"

"வரேக்கை மடிஞ்சிருந்தது. சுத்தி வரேக்கை விரிஞ்சது."

"அப்ப அது கிபிர் இல்லை, சுபா. அது மிக்."

அதைச் சொன்னபோது அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. விடுகதைக்கு விடை கண்டுபிடித்த பிள்ளையின் வெளிச்சம். அடுத்த கணமே தன்னை உணர்ந்து, குறுகி, மன்னிப்புக் கேட்டான். இரண்டு நாள் அவள் பின்னாலேயே திரிந்து மன்னிப்புக் கேட்டான். ஆனால் அந்த வெளிச்சத்தை அவள் பார்த்துவிட்டாள். சத்தம் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று ஒரேயொரு நிபந்தனை போட்டாள். மற்றதை விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது உள்ளே கிடந்து எரிந்தது.

கரண்ட் போன அந்த நாளுக்குப் பிறகு அவன் புதிதாக ஒரு முறைப்பாடு சொல்லத் தொடங்கினான்.

"இடப்பக்கம் இழுக்குது."

கைப்பிடியைக் கழற்றித் துடைத்தான். உள்ளேயிருந்த சுருள்வில்லை மாற்றினான். உலகம் முழுக்க இருக்கிற தன் விளையாட்டுக் கூட்டாளிகளிடம் கேட்டான். பழைய விமானம், அதின்ரை குணம் அப்பிடித்தான் என்று அவர்கள் சிரித்தார்களாம். இருபத்தேழை விட்டு இருபத்தொன்றை எடுத்தான். பிறகு இருபத்தொன்பதை. எல்லாம் ஒன்றுதான். கொஞ்ச நேரம் நேராகப் போகும். பிறகு இடச்செட்டை சத்தமில்லாமல் தாழும். எவ்வளவு பலமாக வலப்பக்கம் அமத்திப் பிடித்தாலும், கொட்டிலுக்கு வழி தெரிந்த மாடுபோல் அது தன்பாட்டில் திரும்பிவிடும்.

வானிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களை வைத்து யாழ்ப்பாணக் குடாநாட்டை அவனும் சில நண்பர்களுமாக அந்த விளையாட்டுக்குள் கட்டியிருந்தார்கள். காங்கேசன்துறைத் துறைமுகம், நெல்லியடிச் சந்தி, தகரம்போல் மின்னும் கடல்நீரேரி எல்லாம் அதில் உண்டு. எங்கிருந்து கிளம்பினாலும் விமானம் கடைசியில் ஒரே இடத்துக்கு மேல்தான் வந்து சேருகிறது என்றான். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றான்.

"உங்கடை பழைய வீடு மீசாலையில எந்தப் பக்கம், சுபா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"சும்மா கேட்டனான்."

"அதைச் சும்மா கேக்கிறதுக்கு நீங்கள் ஆர்?"

அவன் திரும்பி நடு அறைப்பக்கம் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வலது உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்ததை அப்போதுதான் கண்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் பத்மாவதியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தனியாக இருக்கிற மனிசி. கோழி வளர்ப்பவள்.

"பிள்ளை, மத்தியானம் மேலால ஒண்டு போனது, கேட்டனியோ?"

"இல்லையக்கா" என்று பொய் சொன்னாள்.

"நல்லாப் பதிஞ்சு, கூரையைத் தொடுற மாதிரிப் போனது. கோழி எல்லாம் கூட்டுக்குள்ள ஓடிட்டுது. நான் கட்டிலுக்குக் கீழை பூந்திட்டன். இந்த வயசில, பார்." பத்மாவதியக்கா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "எத்தினை வருசமாச்சு. இந்த உடம்பு மறக்கேல்லை."

சுபாஜினி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கு விசர் இல்லை என்று தெரிந்தது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. தன்னோடு போயிருக்க வேண்டியது மதில் தாண்டிப் போய் ஒரு கிழவியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கிறது. அந்த அறைக்குள் இருக்கிறவனுக்குக் கைப்பிடி இழுக்கிறதுதான் கவலை.

மறுநாள் வேலையால் வந்து ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மணம் வந்தது. எரிந்த மண்ணெண்ணெய். காய்ந்த தகரம். வீட்டுக்குள் நடக்க நடக்க அது கனத்தது. நடு அறைக் கதவின் பிடி கையைச் சுட்டது.

சிவரூபன் கதிரையில் இருந்தான். ஹெட்செற் போடவில்லை. ஒலிபெருக்கிகள் ஓடவில்லை. ஆனாலும் அந்தக் கிழியும் இரைச்சல் சுவர்களுக்குள்ளிருந்து, நிலத்திலிருந்து, அவளுடைய பற்களிலிருந்து வந்தது. சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. வலக்கை முழுப் பலத்தோடும் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. கொப்புளம் உடைந்து கைப்பிடியில் ஈரம்.

"நான் இறங்கச் சொல்லேல்லை" என்றான், திரும்பாமல். "நான் திருப்பிறன். அது கேக்குதில்லை."

திரையில் பனைகளின் தலைகள் விரைந்தன. பிறகு ஒரு வளவு. கிடுகு வேய்ந்த குசினி. தேசிமரம். மரத்துக்குக் கீழே பனங்குற்றி அடுக்கிய பங்கர். பங்கர் வாசலில் மண்மூட்டைகள், ஒவ்வொன்றும் மயில்பச்சை நிறத்தில், ஓரத்தில் சரிகை மின்ன. மண்மூட்டை தைக்கச் சாக்குக் கிடைக்காமல் அம்மா தன்னுடைய கூறைச்சேலையை வெட்டித் தைத்தவள். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. இவனுக்கும் சொன்னதில்லை. அந்த விளையாட்டில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சுப் பெட்டிகள். அவளுக்கு அது தெரியும்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"சுபா, நான் போடேல்லை."

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்."

"அது அங்கை இருந்தது. நான் போகேக்கை அது அங்கை இருந்தது."

அப்போது விமானம் பேசியது. ஆபத்து வந்தால் விமானிக்குச் சொல்வதற்கு ஒரு பெண்ணின் குரலைப் பதிந்து வைத்திருப்பார்கள் என்று அவன் முன்பு சொல்லியிருக்கிறான். பதற்றமில்லாத குரல். ரஷ்ய மொழி.

"பிள்ளை, வெளியில வராதை" என்றது அந்தக் குரல். "நான் கோபியைக் கூட்டிக்கொண்டு வாறன்."

பங்கரை விட்டுப் போகும்போது அம்மா சொன்ன அதே சொற்கள். "என்ன சொல்லுது?" என்று கேட்டாள். அவளுடைய குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

"ரஷ்யன். பதிய வந்திட்டாய், மேல இழு எண்டு சொல்லுது. எப்பவும் அதைத்தான் சொல்லும்."

"பிள்ளை, வெளியில வராதை."

அவள் பின்வாசலுக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் அடி திரையில் விழுந்தது. அடுத்தது பெட்டியில். பிறகு கைப்பிடிகள், மிதிகள், மேசை. எந்த அடி எதில் விழுகிறது என்று அவள் பார்க்கவில்லை. இவனுடைய கண்ணில் வந்த அந்த வெளிச்சத்துக்கு அடித்தாள். இருபத்தேழு பக்குவமாகப் பறக்கும் என்று உலகத்தின் மூலைகளில் இருந்து புகழ்கிறவர்களுக்கு அடித்தாள். அந்தச் செட்டைகளைக் கீறினவனுக்கு, பூட்டினவனுக்கு, வித்தவனுக்கு, வாங்கினவனுக்கு, ஏறி இருந்தவனுக்கு. கை மரத்து அலவாங்கு தானாக விழும்வரை அடித்தாள்.

சிவரூபன் தடுக்கவில்லை. சுவரோடு ஒண்டி நின்று அழுதான். "நல்ல வேலை செய்தனீர்" என்றான். "நல்ல வேலை."

உடைந்ததையெல்லாம் இருவருமாக அள்ளிப் பின்வளவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அறையில் கதிரை மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு இருவரும் சரியாகச் சாப்பிட்டார்கள். அவன் பல நாளுக்குப் பிறகு நித்திரை கொண்டான். அடுத்த நாளும் நல்லாகப் போனது. மருதனார்மடச் சந்தைக்குச் சேர்ந்து போய் மரக்கறி வாங்கினார்கள். ஆஞ்சநேயர் கோயில் வாசலில் அவன் அவளுடைய கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதை வைக்க ஓர் இடம் கிடைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சரியப் போகிறேன் என்று அவன் எழுந்து போனான். அவள் முன் விறாந்தையில் இருந்து அரிசியில் கல் பொறுக்கினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பத்மாவதியக்கா பாயில் செத்தல் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய்க் காரம் காற்றில் இருந்தது. காகங்கள் கரைந்துகொண்டிருந்தன.

காகங்கள் நின்றன.

தெற்குப் பக்கமாக, மிகத் தூரத்தில், யாரோ சீலை கிழிக்கத் தொடங்கினார்கள்.

சுளகு அவள் மடியிலிருந்து சரிந்தது. எழுந்து நடந்தாள். ஓடக்கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டு நடந்தாள். படுக்கையறை வெறுமையாக இருந்தது. நடு அறைக் கதவு திறந்திருந்தது.

சிவரூபன் கதிரையில் இருந்தான். வெறுஞ்சுவரைப் பார்த்தபடி. வலக்கை முழங்கால்களுக்கு நடுவே, ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்திருந்தது. இடக்கை முன்னால் நீண்டு, ஒன்றுமில்லாததைத் தள்ளிக்கொண்டிருந்தது. கண்கள் சுவரில் எதையோ தொடர்ந்து ஓடின.

"எழும்புங்கோ."

"திரும்புதில்லை" என்றான். குரலில் அவன் இல்லை.

"விசர் விளையாட்டு விளையாடாதேங்கோ. எழும்புங்கோ."

அவனுடைய வலக்கையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள்.

வெளியே, வானத்தில், சத்தம் வலப்பக்கம் சரிந்தது.

கையை விட்டாள். சத்தம் மறுபடி இடப்பக்கம் வந்தது.

மீண்டும் பிடித்தாள். இரண்டு கையாலும். அந்தக் கைக்குள் ஒரு மனிதனின் பாரம் இல்லை. இரும்பின் பாரம். வண்டி வண்டியாக இரும்பு, வேகத்தோடு, விழுகிற இரும்பு. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கன்னத்தில் அறைந்தாள். அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. அவன் கண் இமைக்கவில்லை. இடக்கை மெதுவாக முன்னுக்குப் போனது. வெளியே இரைச்சல் தடித்தது. செட்டைகள் விரிகின்றன. அவளுக்குத் தெரியும். சுற்றி வரும்போது விரியும்.

ஓடினாள்.

பத்மாவதியக்கா மிளகாய்ப் பாய்க்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு. இந்தமுறை கட்டிலுக்குக் கீழே போகவில்லை. கோழிகள் ஒன்றும் இல்லை.

"படுங்கோ அக்கா. கீழை படுங்கோ."

"எங்கை பிள்ளை? ஒண்டையும் காணேல்லை."

வானம் வெளுத்து, வெறுமையாக இருந்தது. ஒரு முகில் இல்லை. ஒரு பறவை இல்லை.

நிழல் மட்டும் வந்தது.

ஒழுங்கையைத் தாண்டி, படலைக்கு மேலால் ஏறி, பத்மாவதியக்காவின் வளவுக்குள் வந்தது. மூக்கு. முதுகு. இரண்டு பக்கமும் விரிந்த செட்டைகள். வளவின் நடுவே வந்து நின்றது. ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நிழல். நின்றது. அதற்குள் கிடந்த சிவந்த மிளகாய் கறுத்தது.

சுபாஜினி மதில் வாசலால் போய்ப் பத்மாவதியக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். மனிசி அசையவில்லை. நிழலுக்குள் குளிர்ந்தது. கிணற்றடிக் குளிர். முழங்கால்கள் மடியப் பார்த்தன. பதினொரு வயதிலிருந்து மடிந்துகொண்டிருக்கிற முழங்கால்கள்.

படுக்கமாட்டன், என்று நினைத்தாள். இந்தமுறை படுக்கமாட்டன். வந்து பார்.

நிமிர்ந்து நின்றாள்.

இரைச்சல் நின்றது.

முழுதாக. ஒரு இலை அசையும் சத்தம்கூட இல்லை. நிழலின் ஓரம் பாயைத் தாண்டியது. கோழிக்கூட்டைத் தாண்டியது. மதிலில் ஏறியது. பெரிதாகிக்கொண்டே இருந்தது.

அவள் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நடு அறை யன்னல் திறந்திருந்தது. கதிரை இப்போது யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அதில் சிவரூபன் இருந்தான். இருபது முப்பது அடி தூரத்தில் இருந்தான். அவளைத்தான் பார்த்தான். கண்ணைச் சுருக்கி, தலையைச் சற்றுச் சரித்து, மிக மிக உயரத்திலிருந்து, நிலத்தில் அசைகிற ஒன்று மனிசரோ இல்லையோ என்று பார்ப்பதுபோல் பார்த்தான்.